படத்தை வைத்துப் பேசிப் பழகுவோம்

(நம் கிளப் ஹவுஸில் சனிக்கிழமை ஆங்கில வகுப்பு நடத்தும் உறுப்பினர், பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



நம் வகுப்புக்கு வரும் பலருக்கு ஆங்கிலம் புரியும், பேசத்தான் கூச்சம். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் எல்லோர் கண்ணும் அவர்மேல். நடுவில் ஒரு படத்தை வைத்தால் எல்லோர் கண்ணும் படத்தின்மேல். பாதிக் கூச்சம் போய்விடும்.

ஆனால் "இது என்ன?" என்று கேட்டால், "பஸ்" என்ற ஒரே சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவை நடத்திய பிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகெயில் ஹவுசனும், ஓவியம் பார்க்கப் பழக்குவதற்காக மூன்று கேள்விகளை வகுத்தார்கள். படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? இன்னும் என்ன தெரிகிறது? நமக்கு இரண்டாவதுதான் முக்கியம். காரணம் சொல்லப் போனால் வாக்கியம் தானே நீளும். படத்தில் ஆதாரம் இருந்தால் எந்தப் பதிலும் சரி, அதனால் பயமில்லை.

நடுவில் இலக்கணம் திருத்த வேண்டாம். அவர் முடித்ததும், அவர் சொன்னதையே சரியான ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னால் போதும்.

பழைய காலண்டர், பத்திரிகைப் படங்கள் இருந்தால் செக்யூரிட்டியிடம் கொடுத்து வையுங்கள். பிள்ளையின் பள்ளியில் ஆசிரியரிடம் துணையில்லாமல் பேச நம்மவர்கள் பழகட்டும்.