நண்பனுக்குப் பட்ட கடன்

(அறக்கட்டளையின் விழா அரங்கில் ஆற்றிய இலக்கிய உரையின் எழுத்து வடிவம்)

 

'இளமை நட்பில் இரண்டகமும் குற்றவுணர்வும் மீட்சியும்' என்னும் தலைப்பில் பேசப் பணித்திருக்கிறார்கள். நட்பைப் பற்றிப் பேச நம் நூல்களே போதும். சமண முனிவர்கள் இயற்றிய நாலடியாரின் நாற்பது அதிகாரங்களில் மூன்று நட்புக்கென்றே அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்றன் பெயர் 'நட்பிற் பிழை பொறுத்தல்'. பிழை பொறுப்பவன் கடமையை அந்த அதிகாரம் பேசுகிறது. பிழை செய்தவன் நிலை என்ன? அவன் உள்ளத்தில் என்ன நடக்கிறது? அவன் மீள வழி உண்டா? இந்த வினாக்களை விரிவாக எடுத்துக்கொண்ட இலக்கிய வகை நாவல். ஆகவே இன்று இரண்டு அயல்நாட்டு நாவல்களை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

முதலாவது, காலித் ஹொசைனி எழுதி 2003ஆம் ஆண்டு வெளிவந்த 'தி கைட் ரன்னர்'. தமிழில் 'பட்ட விரட்டி' என்னும் பெயரில் வந்துள்ளது. ஹொசைனி 1965இல் காபூல் நகரில் பிறந்தவர். அமெரிக்காவில் குடியேறி மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டே இந்நாவலை எழுதினார்.

கதை அமீர், ஹசன் என்னும் இரு சிறுவர்களைப் பற்றியது. அமீர் காபூலின் செல்வர் ஒருவரின் மகன், பஷ்தூன் இனத்தவன். ஹசன் அவ்வீட்டு வேலைக்காரர் அலியின் மகன். தாழ்த்தி வைக்கப்பட்ட ஹசாரா இனத்தவன். இருவரும் ஒரே வளாகத்தில் வளர்ந்தவர்கள். மாதுளை மரத்தடியில் அமர்ந்து அமீர் கதை படிப்பான்; எழுத்தறியாத ஹசன் கேட்பான். ஆயினும் தந்தையின் நண்பர்கள் தம் பிள்ளைகளுடன் வந்துவிட்டால் அமீர் ஹசனை விளையாட்டில் சேர்ப்பதில்லை. அவனைத் தன் நண்பன் என்று அமீர் மனத்தளவிலும் எண்ணியதில்லை. இரண்டகத்தின் விதை இங்கேயே விழுந்துவிடுகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். சமமாக எண்ணாத ஒருவனைக் கைவிடுவது எளிது.

1975ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் காபூலில் பட்டப் போட்டி நடக்கிறது. மாஞ்சா பூசிய நூலால் பிறர் பட்டங்களை அறுத்து, இறுதிவரை தன் பட்டத்தை வானில் நிறுத்துபவனே வெற்றியாளன். கடைசியாக அறுபட்ட பட்டத்தை ஓடிப்போய்ப் பிடித்து வருவது தனிப்பெருமை. தந்தையின் அன்புக்கு ஏங்கும் அமீர் வெல்கிறான். அவனுக்காக அந்த நீலப் பட்டத்தைப் பிடிக்க ஹசன் ஓடுகிறான். ஒரு சந்தில் அசெஃப் என்னும் முரடனும் அவன் கூட்டாளிகளும் ஹசனை வளைக்கிறார்கள். பட்டத்தைக் கொடுத்துவிட்டால் போகலாம் என்கிறார்கள். நண்பனுக்குச் சொந்தமானதைக் கொடுக்க மறுக்கிறான் ஹசன். அதன்பின் நடப்பது இந்த அவையில் விரித்துரைக்கக் கூசும் வன்கொடுமை. சந்தின் முனையில் நின்று அமீர் அதைக் காண்கிறான். கூவவில்லை, தடுக்கவில்லை, ஓடிவிடுகிறான். அச்சம் ஒரு காரணம். அந்தப் பட்டம் தந்தையிடம் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசை அதனினும் ஆழமான காரணம். அமீரே தன் வாயால் இதை ஒப்புக்கொள்வதுதான் நாவலின் நேர்மை.

பெரியோர்களே, இதுவரை நடந்தது பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கோழைத்தனம். இதற்காக நாம் அவன்மீது இரங்கவும் கூடும். இதற்குப் பின் நடப்பதே நாம் ஆழ்ந்து நோக்கத் தக்கது. குற்றம் செய்தவன், தான் தீங்கிழைத்தவனைக் காணச் சகிக்காமல் போகிறான். ஹசனின் முகமே அமீருக்குக் குற்றச்சாட்டாகத் தெரிகிறது. மாதுளம்பழங்களை எடுத்து அவன்மேல் எறிகிறான். திருப்பி அடிக்கச் சொல்லிக் கத்துகிறான். அடி வாங்கினால் கணக்குத் தீரும் என்று அவன் எண்ணுகிறான். ஹசனோ ஒரு பழத்தை எடுத்துத் தன் நெற்றியிலேயே நசுக்கிக்கொண்டு அகன்றுவிடுகிறான்.

அதுவும் பலிக்காதபோது அமீர் தன் கைக்கடிகாரத்தையும் பணத்தையும் ஹசனின் மெத்தைக்கு அடியில் மறைத்து வைத்துத் திருட்டுப் பழி சுமத்துகிறான். விசாரிக்கும்போது, செய்யாத திருட்டைச் செய்ததாக ஹசன் ஏற்றுக்கொள்கிறான். உண்மையைச் சொன்னால் அமீர் தலைகுனிய நேரும் என்பதால் ஏற்கிறான். சந்தின் முனையில் அமீர் நின்றிருந்ததையும் அவன் அறிந்தே இருந்தான் என்பது அப்போதுதான் அமீருக்கு விளங்குகிறது. அலி தன் மகனை அழைத்துக்கொண்டு அவ்வீட்டை விட்டே போய்விடுகிறார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற எனக்கு இந்தப் பகுதி வியப்பளிக்கவில்லை. தவறு செய்த மாணவன் தன்னால் அடிபட்டவன் பக்கத்தில் உட்கார மறுப்பான். வேறு இடம் கேட்பான். அடிபட்டவன்மீதே புதிய புகார் ஒன்றையும் கொண்டுவருவான். முதல் குற்றம் ஒரு கணத்தில் நேர்ந்துவிடலாம். அதை மறைக்கச் செய்யும் இரண்டாவது குற்றம் திட்டமிட்டே செய்யப்படுகிறது. குற்றவுணர்வு மனிதனைத் திருத்தும் என்று பொதுவாகச் சொல்கிறோம். வெளியே சொல்லப்படாத குற்றவுணர்வு அவனைக் கொடியவனாகவும் ஆக்கும் என்று இந்நாவல் காட்டுகிறது.

இனி அமீரின் தந்தையைப் பார்ப்போம். அமீர் அவரைப் பாபா என்றே அழைக்கிறான். பெருந்தன்மையாளர், அஞ்சாதவர். தம் செலவில் காபூலில் ஓர் அனாதை இல்லம் கட்டியவர். பாவம் என்பது திருட்டு ஒன்றுதான், ஏனைய பாவங்கள் யாவும் அதன் வேற்றுருவங்களே என்று மகனுக்குக் கற்பித்தவர். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 2001இல், குடும்ப நண்பர் ரஹீம் கான் பாகிஸ்தானிலிருந்து அமீரை அழைத்து உண்மையைச் சொல்கிறார். ஹசன் பாபாவுக்குப் பிறந்த மகன். பாபாவும் அலியும் சிறுவயது முதல் ஒன்றாக வளர்ந்தவர்கள். அந்த அலிக்குத்தான் பாபா இரண்டகம் செய்திருக்கிறார். ஆக, இந்நாவலில் இளமை நட்பு ஒரு தலைமுறையில் அன்று, இரு தலைமுறைகளில் முறிந்திருக்கிறது.

பாபாவின் அறச்செயல்கள் யாவும் அந்தக் குற்றவுணர்விலிருந்தே பிறந்தன என்றும், குற்றவுணர்வு நன்மைக்கு இட்டுச் செல்வதே உண்மையான மீட்சி என்றும் ரஹீம் கான் கருதுகிறார். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. அனாதை இல்லத்தில் உண்ட குழந்தைகளுக்கு அந்தச் சோறு உண்மையானது. அதை நாம் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆனால் அலிக்கு என்ன கிடைத்தது? தன்னைத் தந்தை என்று அறியும் உரிமை ஹசனுக்குக் கிடைத்ததா? ஒருவரிடம் பட்ட கடனை நூறு பேருக்குக் கொடுத்து அடைக்க இயலாது. அறக்கட்டளை ஒன்றன் மேடையில் நின்று இதைச் சொல்வதற்கு என்னைப் பொறுத்தருள வேண்டும். கொடை உயர்ந்தது. அது மன்னிப்புக் கேட்பதற்கு மாற்று ஆகாது.

இரண்டாவது நாவலைச் சுருக்கமாகக் கூறுகிறேன். ஜான் நோல்ஸ் எழுதிய 'எ செப்பரேட் பீஸ்' 1959இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், உண்டு உறையும் பள்ளி ஒன்றில் கதை நடக்கிறது. ஜீன் படிப்பாளி, ஃபின்னி விளையாட்டு வீரன், ஒரே அறையில் தங்கும் நண்பர்கள். தன் படிப்பைக் கெடுக்கவே ஃபின்னி தன்னை விளையாட்டுக்கு இழுக்கிறான் என்று ஜீன் ஐயுறுகிறான். அது வெறும் ஐயம் என்று உணர்ந்த அதே நாளில், ஆற்றங்கரை மரத்தின் கிளையில் இருவரும் நிற்கையில் ஜீன் கிளையை அசைத்துவிடுகிறான். ஃபின்னி விழுந்து கால் முறிகிறது. அவனுடைய விளையாட்டு வாழ்வு முடிகிறது.

ஜீன் அமீரைப் போல் ஓடவில்லை. ஃபின்னியின் வீட்டுக்கே சென்று உண்மையைச் சொல்கிறான். ஃபின்னி நம்ப மறுக்கிறான். நண்பன் அப்படிச் செய்தான் என்று ஏற்பது கால் முறிந்ததைவிட அவனுக்கு வலிக்கிறது. பின்னர் மாணவர்கள் கூடி விசாரணை என்ற பெயரில் உண்மையைப் பலர்முன் இழுக்கிறார்கள். மனம் உடைந்து வெளியேறும் ஃபின்னி படிக்கட்டில் விழுகிறான். கால் மீண்டும் முறிகிறது. மருத்துவ அறையில் இருவரும் கண்ணீருடன் பேசுகிறார்கள். அது வெறுப்பில் செய்ததன்று, கண்மூடித்தனமான ஒரு கணத்தின் வேகம் என்று ஃபின்னி ஏற்றுக்கொள்கிறான். அன்றே, எலும்பைப் பொருத்தும் சிகிச்சையின்போது அவன் இறந்துவிடுகிறான்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஜீனுக்கு நண்பன் வாயால் மன்னிப்புக் கிடைத்தது. அதற்குச் சில மணி நேரமே எஞ்சியிருந்தது. அமீருக்கு அதுவும் இல்லை. ரஹீம் கான் அழைப்பதற்கு முன்பே ஹசனும் அவன் மனைவியும் தாலிபான்களால் சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டார்கள். எஞ்சியவை ஹசன் எழுதிய ஒரு கடிதமும், சோராப் என்னும் சிறுவனும். எழுத்தறியாத ஹசன் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு எழுதிய அக்கடிதத்தில் குறை சொல்லும் சொல் ஒன்றுகூட இல்லை. இதைவிடப் பெரிய தண்டனை அமீருக்கு வேண்டியதில்லை.

அவன் காபூலுக்குச் செல்கிறான். வழியில் தங்க இடம் கொடுத்த ஏழை வீட்டில், ஒருவரும் அறியாமல் மெத்தைக்கு அடியில் பணம் வைத்துவிட்டுப் போகிறான். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மெத்தைக்கு அடியில் பணம் வைத்தது அழிக்க. இப்போது வைத்தது ஊட்ட. செயல் ஒன்றே, உள்ளம் மாறியிருக்கிறது. சோராப் அதே அசெஃபின் பிடியில் இருக்கிறான். அவனை மீட்கும் போராட்டத்தில் அமீர் எலும்புகள் நொறுங்க அடிபடுகிறான். அடிபடும்போதே சிரிக்கிறான், கணக்குத் தீர்ந்துவிட்டதாக உணர்கிறான்.

பலர் இந்த இடத்தையே மீட்சி என்று கொள்வர். நாவலாசிரியர் அங்கே கதையை முடிக்கவில்லை. இனி அனாதை இல்லத்துக்கு அனுப்பமாட்டேன் என்று சோராபுக்கு அமீர் வாக்குக் கொடுக்கிறான். சட்டச் சிக்கலால் அந்த வாக்கைத் தளர்த்துகிறான். நொந்த அச்சிறுவன் உயிரை மாய்த்துக்கொள்ள முயல்கிறான். பிழைத்த பின்னும் மாதக்கணக்கில் பேசுவதே இல்லை. அடிவாங்கி முடிப்பது ஒரு நாள் வேலை. பேசாத குழந்தையின் அருகில் நாள்தோறும் அமர்ந்திருப்பதுதான் உண்மையான கழுவாய்.

விருந்தின்போது, அந்த ஹசாராப் பையன் ஏன் உன் வீட்டில் இருக்கிறான் என்று மாமனார் வினவும்போது, அவன் என் தந்தைக்குப் பிறந்தவனின் மகன், அவனுக்குப் பெயர் உண்டு என்று அமீர் வெளிப்படையாகக் கூறுகிறான். பாபா வாழ்நாளெல்லாம் மறைத்ததை அவன் உறவினர் முன் சொல்லிவிடுகிறான். இறுதியில் ஒரு பூங்காவில் சோராபுக்காகப் பட்டம் பிடிக்க அமீர் ஓடுகிறான். சிறுவனின் முகத்தில் ஒரு சிறு புன்னகை அரும்புகிறது. அவ்வளவே. பெரிய மன்னிப்புக் காட்சி ஒன்றும் இல்லை.

நம் மரபு இதை முன்பே வகுத்திருக்கிறது. செய்த பிழையை மறைக்காமல் எடுத்துரைப்பது ஆலோசனை. அதிலிருந்து திரும்பி வருவது பிரதிக்கிரமணம். இனிச் செய்யேன் என உறுதி கொள்வது பிரத்தியாக்கியானம். அமீர் இவற்றின் பெயர்களை அறியான். ஆயினும் இருபத்தாறு ஆண்டுகள் தாமதமாக இவ்வழியிலேயே நடக்கிறான்.

தசலட்சண பர்வத்தில் நாம் முதலில் போற்றுவது உத்தம க்ஷமை. பர்வத்தின் நிறைவில் எல்லோரிடமும் கைகூப்பி மன்னிப்புக் கேட்கிறோம். யாரிடம் கேட்கிறோம் என்று சற்றே எண்ணிப் பார்ப்போம். நாம் ஒரு தீங்கும் செய்யாதவரிடம் கேட்பது எளிது. சொத்துப் பிரிவினையில் பேச்சு நின்றுபோன தமையன், கையெழுத்துப் போட்டுக் கடனில் சிக்கிய பள்ளித் தோழன், நம் சொல்லால் வேலையிழந்தவன் ஆகியோரின் வீட்டுத் தெரு வந்தால் நாம் வேறு தெருவில் போகிறோம். எல்லா உயிர்களிடமும் கேட்ட மன்னிப்பில் அந்த ஓர் உயிர் விடுபட்டிருக்குமானால், அந்த வழிபாடு முழுமை பெறவில்லை.

அவர் மறுக்கலாம். ஃபின்னி முதலில் மறுத்தான். நம்பாமலும் போகலாம். கேட்பது நம் கடன். கொடுப்பது அவர் உரிமை. ஆனால் கேட்பதற்கு அவர் உயிரோடு இருக்க வேண்டும். ஹசனிடம் கேட்க அமீரால் முடியவில்லை. இங்கே அமர்ந்திருக்கும் நம்மில் பலருக்கு அந்த வாய்ப்பு இன்னும் இருக்கிறது. இவ்விழா முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒரு கதவையேனும் தட்டிப் பாருங்கள்.