கொதிகலனின் திறனைக் கணக்கிடுவோம்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



எண்ணூர் அனல் மின் நிலையத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1970 முதல் 1975 வரை ஐந்து அலகுகளாக அமைக்கப்பட்டு, 450 மெகாவாட் திறனுடன் இயங்கிய அந்நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அதன் அருகே வடசென்னை அனல் மின் நிலையம் 1990-களில் தொடங்கப்பட்டது. இரண்டிலும் வேலை ஒன்றே: நிலக்கரியை எரித்து நீரை ஆவியாக்கி, அந்த நீராவியால் சுழலியைச் சுற்றி மின்சாரம் எடுப்பது.

ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி வெப்பத்துக்குச் சமம். ஆனால் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. ஆகவே ஒரு யூனிட்டுக்குச் சுமார் 2,600 கிலோ கலோரி, அதாவது ஏறக்குறைய முக்கால் கிலோ நிலக்கரி தேவை. உங்கள் 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் மூன்றரைக் கிலோ நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். எனவே ஒரு கிலோவுக்கு மேல் சாம்பல் மிஞ்சும். சாம்பல் குழாய்களின் கசிவால் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் கெட்டு, இறால் பிடித்து வாழ்ந்த எண்ணூர் மீனவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். வீணாகும் எரிபொருள், எரிப்பவருக்கு மட்டும் நட்டமல்ல.

அனல் மின் நிலையத்தில் கொதிகலனின் திறன் 85 சதம் வரை இருக்கும். பெரும் இழப்பு, நீராவியை மின்சாரமாக மாற்றும்போதுதான். நெல் அவிக்கும் ஆலையில் அந்த இழப்பே இல்லை. வெப்பம் மட்டும் போதும். இங்கே இழப்பு அடுப்பிலும் புகைபோக்கியிலும்தான். அதை நாமே குறைக்கலாம். முதலில் அளக்க வேண்டும்.

அளக்கும் முறை

ஒரு நாள் எரிக்கும் உமியை நிறுத்து எழுதுங்கள். கொதிகலனுக்குள் செல்லும் நீரை அளந்து எழுதுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் நீர்மட்டக் கண்ணாடியில் மட்டம் ஒன்றாக இருக்கவேண்டும். கழிவாக வெளியேற்றும் நீரைக் கழித்துவிடுங்கள்.

500 கிலோ உமி எரிந்து, 1,500 லிட்டர் நீர் ஆவியானது என்று கொள்வோம். ஒரு கிலோ உமியில் சுமார் 3,200 கிலோ கலோரி உண்டு. 30 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கச் சுமார் 620 கிலோ கலோரி வேண்டும்.

கொடுத்த வெப்பம்: 500 × 3,200 = 16,00,000
பயன்பட்ட வெப்பம்: 1,500 × 620 = 9,30,000
திறன்: சுமார் 58 சதம்

இதை 70 சதமாக உயர்த்தினால் அதே நீராவிக்கு 415 கிலோ உமி போதும். நாளொன்றுக்கு 85 கிலோ மிச்சம், அதை விற்கலாம்.

திறனை உயர்த்தும் வழிகள்

1. உமியை நனையாமல் வையுங்கள். ஈர உமியில் ஒரு பங்கு வெப்பம் அதன் ஈரத்தை விரட்டவே செலவாகும்.

2. காற்றை அளவாக விடுங்கள். கரும்புகை வந்தால் காற்று போதவில்லை. அளவுக்கு மிஞ்சிய காற்றோ வெப்பத்தைப் புகைபோக்கி வழியே கொண்டுபோய்விடும்.

3. புகைக் குழாய்களில் படியும் கரியை ஒழுங்காகத் துடையுங்கள். கிணற்று நீரின் உப்பு உள்ளே படிந்தாலும் வெப்பம் நீருக்குச் செல்லாது.

4. நீராவி குளிர்ந்து வரும் சுத்தமான வெந்நீர் கிடைத்தால் அதைக் கொதிகலனுக்கே திருப்புங்கள். 30 பாகை நீருக்குப் பதில் 60 பாகை நீர் விட்டால் 5 சதம் உமி மிச்சமாகும்.

5. நீராவிக் குழாய்களுக்கு வெப்பம் காக்கும் உறை போடுங்கள். கசிவை உடனே அடையுங்கள்.

பாதுகாப்பு வால்வை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள். அதற்குத் தகுதி பெற்றவரையே அழையுங்கள்.

இவற்றில் ஒவ்வொன்றையும் செய்தபின் மீண்டும் ஒரு நாள் நிறுத்து அளந்து பாருங்கள். எந்த வழி எவ்வளவு பலன் தந்தது என்பதை உங்கள் கணக்கு நோட்டே சொல்லும். அடுத்த அறுவடை நெல் ஆலைக்கு வருமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பயனடையுமாறு கேட்டுக்கொள்கிறேன்.