முன்பே கொடுத்தவர்கள்

மயிலாப்பூர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட தெருக்களை எல்லாம் சுற்றிக்கொண்டு தி. நகரிலிருந்தும் அடையாறிலிருந்தும் வந்து சேர்ந்திருக்கும் நண்பர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் தம்பி தங்கைகளே!

ஒரு பாடகரிடமிருந்து தொடங்கலாம். 1983-ஆம் ஆண்டு. இந்த ஊருக்கு அப்போது மெட்ராஸ் என்று பெயர். ‘கோல்ட்ஸ்’ என்று ஒரு சதுரங்க அணி. தேசிய அணிகள் சாம்பியன்ஷிப்புக்குப் போக வேண்டும். ஆட்டம் கையில் இருக்கிறது, செலவுக்குத்தான் ஆள் வேண்டும். அந்தச் செலவை ஏற்றுக்கொண்டவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம்! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். பாடும் நிலாவுக்குத் தட்டாமல் இந்தக் கைகள் வேறு யாருக்குத் தட்டப் போகின்றன?

அந்த அணியில் 13 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் விஸ்வநாதன் ஆனந்த்.

2020 செப்டம்பர் 25, எஸ்.பி.பி. நம்மை விட்டுப் போன நாள். ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற ஆனந்த் அன்று எழுதினார்: என் முதல் ஸ்பான்சர் அவர்தான் என்று. 1983-இல் ஆனந்த் யார் என்று ஊருக்குத் தெரியாது. ஆழ்வார்ப்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் சோவியத் கலாசார மையம் இருந்தது அல்லவா, அங்கே மானுவல் ஆரோன் முன்னின்று நடத்திய தால் செஸ் கிளப்பில் ஆடும் பையன்களில் அவனும் ஒருவன். அங்கே ஒரு வழக்கம். ஜெயித்தவன் பலகையை விட்டு எழுந்திருக்க வேண்டாம். தோற்றவன் எழுந்து வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். நிற்கப் பிடிக்காத பையன் வேகமாக ஆடக் கற்றுக்கொண்டான், ஜெயிக்கக் கற்றுக்கொண்டான். அதே 1983-இல் தேசிய சப் ஜூனியர் போட்டியில் 9 ஆட்டம், 9 புள்ளி. 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். இதெல்லாம் நடந்த பிறகு அவருக்கு மாலை போட வந்தவர்கள் ஆயிரம் பேர். நடப்பதற்கு முன்னால் கையெழுத்துப் போட்டவர் ஒரு பாடகர்.

இந்த ‘முன்னால்’ என்பதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு முழுவதும்.

கடல் தாண்டி ஒரு கதை. பின்வரிசைத் தம்பிகளுக்கு இது தெரிந்திருக்கும், பெரியவர்கள் அவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 2001-இல் நின்டென்டோ நிறுவனம் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே’ என்று ஒரு வீடியோ கேம் வெளியிட்டது. பத்து ஆண்டு ஆனது. அதை ஆடுகிற இயந்திரமே கடைகளிலிருந்து போய்விட்டது. ஆடுகிறவர்கள் மட்டும் போகவில்லை. புதிய தட்டை டி.வி.யில் அந்த ஆட்டம் ஒரு நொடியின் சிறு பங்கு தாமதமாக நகர்கிறது என்று, பின்பக்கம் புடைத்த பழைய டியூப் டி.வி.யை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போட்டிக்கு வருகிற கூட்டம் அது. சண்டை விளையாட்டுகளுக்கு எவோ என்றொரு பெரிய திருவிழா, லாஸ் வேகஸில் நடப்பது. அங்கே இந்த ஆட்டத்துக்குப் பல ஆண்டுகளாக இடம் கிடையாது. பழைய ஆட்டம், குழந்தைகள் ஆட்டம் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

2013-இல் எவோ நடத்துகிறவர்கள் ஓர் அறிவிப்புச் செய்தார்கள். ஒரே ஓர் இடம் மிச்சம் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு எந்த ஆட்டத்தின் ரசிகர்கள் அதிகமாக நன்கொடை தருகிறார்களோ, அந்த ஆட்டத்துக்கு அந்த இடம். போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தார்கள். ஸ்கல்கேர்ள்ஸ் என்ற ஆட்டத்துக்காரர்கள் 78,000 டாலர் வரை வந்து மூச்சு முட்டவைத்தார்கள். கடைசியில் மெலே கூட்டம் 94,000 டாலரைத் தாண்டியது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 50 லட்சம் ரூபாய். எல்லா ஆட்டங்களும் சேர்ந்து ஆராய்ச்சிக்குப் போனது 2 லட்சத்து 25 ஆயிரம் டாலருக்கு மேல்.

அதற்குப் பிறகும் விட்டார்களா? ஜூலையில் போட்டி தொடங்க சில நாள் இருக்கும்போது, இந்த ஆட்டத்தை நேரலையில் காட்டக் கூடாது என்று ஆட்டத்தை வெளியிட்ட நிறுவனமே தடை போட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். அதே நாளில் தடை வாபஸ்! போட்டி நடந்தபோது ஒரே நேரத்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். ஆட்டத்தை வெளியிட்டவர்கள் கைவிட்டாலும் ஆடுகிறவர்கள் கைவிடவில்லை. தட்டலாம், இதற்கும் தட்டலாம்.

அடையாறுக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. விளையாட்டுப் பணம் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போனது என்று கேட்டவுடன் உங்கள் ஊர் ஞாபகம் வரவில்லையா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். மாதர் சங்கத்தின் நிவாரண நிதியைத் துணையாகக் கொண்டு, இந்த நோய்க்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்டவர்களைத் தாண்டி அவர் எழுப்பியதுதான் அடையாறு புற்றுநோய் நிலையம். 1954-இல் தொடங்கும்போது 12 படுக்கை. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அந்தப் 12 படுக்கையிலிருந்து அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்பது நாட்டுக்கே தெரியும். முத்துலட்சுமி அம்மையாருக்கு நிதி கொடுத்தவர்கள் எழும்பி நின்ற கட்டடத்தைப் பார்த்துவிட்டா கொடுத்தார்கள்? காலி மனையைப் பார்த்துக் கொடுத்தார்கள். அவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெயர் தெரியாதவர்கள் என்றதும் பேச்சு இங்கே வந்துதான் ஆக வேண்டும். குகேஷ்!

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். 14-ஆவது ஆட்டத்தில் டிங் லிரென் செய்த ஒரு தவறு. 18 வயதுப் பிள்ளை உலக சாம்பியன். அழுதுகொண்டே காய்களை ஒவ்வொன்றாகப் பலகையில் அதனதன் இடத்தில் அடுக்கிவைத்தான். அந்தக் காட்சியைப் பார்த்து அழாத வீடு இந்த ஊரில் உண்டா? சரி, அதற்கு ஏழு ஆண்டு முன்னால் போவோம். 2017, 2018. அப்பா ரஜினிகாந்த் காது மூக்கு தொண்டை டாக்டர். மகனோடு நாடு நாடாகப் போட்டிக்குப் போவதற்காகத் தொழிலை விட்டார். அம்மா பத்மகுமாரி சம்பளத்தில் வீடு ஓடியது. நுழைவுக் கட்டணம், விசா, விமானம், விடுதி, பயிற்சி என்று செலவு வரிசை கட்டி நின்றது. அந்த நாளில் பணம் கொடுத்துத் தாங்கியவர்கள் பெற்றோரின் நண்பர்கள் என்று குகேஷே சொல்லியிருக்கிறார். 2019 ஜனவரியில் 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர். உலகின் மிக இளைய கிராண்ட்மாஸ்டர் என்ற சாதனை வெறும் 17 நாளில் தவறியது.

அந்த நண்பர்கள் யார்? எந்தத் தெரு? இந்தக் கூட்டத்திலேயே ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் நமக்குத் தெரியாது. அவர்களுக்கு ஒரு பேனர் உண்டா? ஒரு சால்வை உண்டா?

ஆனால் பட்டம் வாங்கிய மறுநாள் என்ன நடந்தது? அவன் எங்கள் ஊர், உங்கள் ஊர் இல்லை என்று ஒரு சண்டை. தாய்மொழி இது, பூர்வீகம் அது, பிறந்தது இங்கே என்று ராத்திரியெல்லாம் வாதம் செய்தார்கள். யார் என்று பெயர் சொல்ல வேண்டாம். செல்போன் வைத்திருக்கிற எல்லோரும் பார்த்தார்கள். அவர்களிடம் கேட்க ஒரு கேள்விதான் உண்டு. ஐயா, 2018-இல் அந்தப் பையன் பையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ஊராகப் போனபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அந்த விமான டிக்கெட்டில் ஒரு நூறு ரூபாய் உங்களுடையதா? இல்லை என்றால் சொந்தம் கொண்டாட உங்களுக்கு என்ன உரிமை? பெற்றவர்களுக்கு உரிமை உண்டு. பயிற்சி கொடுத்தவர்களுக்கு உண்டு. பெயர் சொல்லாத அந்த நண்பர்களுக்கு உண்டு. மற்றவர்கள் கை தட்டலாம், அவ்வளவுதான்!

இன்னொரு வகை ஆட்கள் உண்டு. 2023 டிசம்பரில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் எம்.ஆர்.சி. நகரில், லீலா பேலஸ் ஓட்டலில் ‘சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ்’ நடந்தது. பரிசுத்தொகை 50 லட்சம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் துணை நின்றது. உலகப் பட்டத்துக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிக்குப் போகக் குகேஷுக்கு ஒரு வழி மட்டும் திறந்திருந்தது. ஆண்டு முழுக்க ஆடிய போட்டிகளின் புள்ளிக் கணக்கு. அதில் அவனுக்கு இருந்த கடைசி வாய்ப்புகளில் ஒன்று இந்தச் சென்னைப் போட்டி. உடனே முகம் சுளித்தார்கள், ஒரு பையனுக்காக ஒரு போட்டியா என்று. 8 பேர் ஆடினார்கள், 7 சுற்று. லெவோன் அரோனியன் வந்தார், ஹரிகிருஷ்ணா வந்தார். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. குகேஷும் அர்ஜுன் எரிகைசியும் ஆளுக்கு 4.5 புள்ளி, டைபிரேக்கில் குகேஷ் முதலிடம். ஆனந்துக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை உறுதி செய்ததும் கோயம்புத்தூரில் சக்தி பைனான்ஸ் நடத்திய சர்வதேசப் போட்டிதான். பிள்ளைகள் எப்போதும் வெளிநாட்டுக்கே ஓட வேண்டுமா? ஒருமுறை அரங்கத்தை வாசலுக்குக் கொண்டுவந்தால் என்ன குற்றம்? நான்கு மாதம் கழித்து டொராண்டோவில் அந்தப் பையன் கேண்டிடேட்ஸை ஜெயித்தான். முகம் சுளித்தவர்களும் கேக் வெட்டினார்கள்.

அம்மாக்களைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கூட்டத்துப் பெண்கள் விட மாட்டார்கள். பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் உலகின் முதல் அண்ணன் தங்கை, இல்லை, அக்கா தம்பி கிராண்ட்மாஸ்டர்கள். அவர்களின் அம்மா நாகலட்சுமி பிள்ளைகளோடு போகும்போது இண்டக்‌ஷன் அடுப்பும் எவர்சில்வர் பாத்திரமும் கூடவே போகும். எந்த நாடாக இருந்தாலும் ஓட்டல் அறையில் சோறும் ரசமும் தயார். அந்த ரசத்துக்கு யார் ஸ்பான்சர்?

சதுரங்கத்துக்கு நல்ல காலம் வந்துவிட்டது. 2022-இல் ஒலிம்பியாட் மாமல்லபுரத்துக்கு வந்தது, நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டமாகவே மாறியது. ஆனால் மனசுக்குள் முள்ளாகக் குத்துவது கேரம்.

பட்டினப்பாக்கத்தில் பாருங்கள், நொச்சிக்குப்பத்தில் பாருங்கள். தெருவிளக்கின் கீழ் ஸ்டூல் போட்டு அதன்மேல் போர்டு. ஒருவன் போரிக் பவுடரைத் தூவி உள்ளங்கையால் பரப்புகிறான். ஸ்ட்ரைக்கர் கிளம்புகிறது, ரெட் குழியில் விழுகிறது, ஃபாலோ போடாவிட்டால் ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். சுற்றி நிற்கிற பத்துப் பேர் மூச்சுவிடுவதில்லை. 9 கறுப்பு, 9 வெள்ளை, 1 சிவப்பு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு எட்டுகிற ஆட்டம் இது. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-இல் உருவானது எந்த ஊரில் தெரியுமா? லண்டனா, ஜெனிவாவா? சென்னையில்! இரண்டு முறை உலக சாம்பியன், அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் நம் ஊர்க்காரர்.

இத்தனை இருந்தும் ஆசிய விளையாட்டில் கேரமுக்கு இடம் இல்லை. கபடி 1990-இல் பெய்ஜிங்கில் உள்ளே போனது. சதுரங்கம் 2006-இல் தோஹாவில் போனது. வீடியோ கேமே ஹாங்சோவில் பதக்க ஆட்டமாகிவிட்டது, அதில் நமக்கு வருத்தம் இல்லை. கேரம் மட்டும் வாசலிலேயே நிற்கிறது. அந்த ஆட்டத்துக்காக வாதாட இந்த ஊரைவிட வேறு எந்த ஊருக்கு உரிமை இருக்கிறது?

2024 நவம்பரில் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பை. வடசென்னையில் ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள் காசிமா போனார். ஒற்றையர் தங்கம், இரட்டையர் தங்கம், அணித் தங்கம். மூன்று! இந்தக் கைதட்டல் வண்ணாரப்பேட்டை வரை கேட்க வேண்டும். கூடவே மித்ராவும் நாகஜோதியும் பதக்கத்தோடு வந்தார்கள். பிறகு அரசு காசிமாவுக்கு 1 கோடி ரூபாய் கொடுத்தது, நன்றி. ஆனால் கிளம்புவதற்கு முன் அவர்களுக்குக் கிடைத்ததைக் கவனியுங்கள். பயணச் செலவுக்கு அரசின் பக்கத்திலிருந்து ஆளுக்கு ஒன்றரை லட்சம். அந்த ஒன்றரை லட்சம் இல்லை என்றால் அந்த 1 கோடிக்கு வேலையே இல்லை.

தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது. 2023 மே மாதம் தோனியை மேடையில் வைத்துக்கொண்டு தொடங்கினார்கள். பொதுமக்கள் யாரும் அதற்குப் பணம் தரலாம், நூறு ரூபாயும் தரலாம். அது ஒரு வழி. இன்னொரு வழி அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. லாஸ் வேகஸ் கூட்டம் செய்ததைப் போல ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ப்பது. சபாவில் ஒரு சீசன் டிக்கெட் விலை, ரங்கநாதன் தெருவில் ஒரு தீபாவளிப் புடவை விலை, பெசன்ட் நகர் கடற்கரையில் நாலு பேர் ஒரு மாலை சாப்பிடுகிற விலை. ஒரு கேரம் பிள்ளையின் ரயில் கட்டணத்துக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் இவை போதும்.

உங்கள் தெருவில், உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் குடும்பத்தில், உங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு பிள்ளை மாநிலப் போட்டிக்கோ தேசியப் போட்டிக்கோ தேர்வாகியிருக்கும். இன்று வீட்டுக்குப் போகிற வழியில் விசாரியுங்கள். டிக்கெட் போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள். இல்லை என்றால் நீங்கள் போட்டுக்கொடுங்கள். அந்தப் பிள்ளை முதல் சுற்றிலேயே தோற்று வந்தாலும் அடுத்த ஆண்டும் போட்டுக்கொடுங்கள்.