மரபும் அரூப ஓவியமும்
(கலை ரசிகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



அரூப ஓவியத்தைக் கண்டதும் உழைப்பாளி மக்கள் கேட்கிறார்கள்: "இதில் மனிதன் எங்கே? முன்னோர் வளர்த்த மரபு எங்கே?" நியாயமான கேள்வி. எல்லா அரூப ஓவியர்களுக்கும் வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவர் ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர்.

1932-ல் டிரெஸ்டனில் பிறந்தவர். அங்கேயே சுவரோவியம் பயின்றவர். 1961-ல் மேற்கு ஜெர்மனிக்குச் சென்றவர். உருவம் தீட்டத் தெரியாதவர் அல்ல.

வெனிஸ் நகரில் டிஷியனின் ஓவியம் ஒன்று இருக்கிறது. தேவதூதன் மரியாளுக்கு நற்செய்தி சொல்லும் காட்சி. அதில் மனதைப் பறிகொடுத்த ரிக்டர், 1973-ல் ஒரு தபால் அட்டையைப் பார்த்து அதைப் பிரதி செய்ய முயன்றார். முடியவில்லை. ஐந்து ஓவியங்கள் தீட்டினார். முதலாவதில் உருவங்கள் மங்கலாகத் தெரிகின்றன. பின்னவற்றில் கரைந்து வர்ணங்களே மிஞ்சுகின்றன. இது கைத்திறனின் குறையா? இல்லை. டிஷியனை ஈன்ற காலமும் நம்பிக்கையும் போய்விட்டன. அழகை மட்டும் தனியே பிரித்துக் கடன் வாங்க முடியாது.

சரித்திர ஓவியத்துக்கும் ஒரு மரபு உண்டு. நெப்போலியன் படைகள் ஸ்பானிய மக்களைச் சுட்டுக் கொன்றதை 1814-ல் கோயா தீட்டினார். கைகளை உயர்த்தி நிற்கும் அந்த வெள்ளைச் சட்டைக்காரனை யார் மறக்க முடியும்? ஆனால் நாஜிகளின் கொலைக்கூடத்தை எப்படித் தீட்டுவது?

1944 ஆகஸ்டில் பிர்க்கெனாவ் முகாமின் கைதிகள் உயிரைப் பணயம் வைத்து நான்கு புகைப்படங்களை ரகசியமாக எடுத்து, வெளியே அனுப்பினார்கள். 2014-ல் ரிக்டர் அவற்றை நான்கு பெரிய திரைகளில் வரைந்தார். பிறகு அவற்றின்மேல் அடுக்கடுக்காக வர்ணம் பூசினார். நீண்ட பலகையால் இழுத்தார், சுரண்டினார். கறுப்பு, சாம்பல், இடையே சிவப்பு, பச்சை. அடியிலுள்ள உருவம் கண்ணுக்குப் புலப்படாது.

"இது உண்மையை மூடி மறைப்பதல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். வர்ணம் மட்டும் இருந்தால் அப்படித்தான் ஆகும். அதனால்தான் அந்தப் புகைப்படங்களின் பிரதிகளையும் ஓவியங்களோடு காட்சிக்கு வைக்கிறார். சாட்சியம் கைதிகளுடையது, அதை அலங்கரித்துக் காட்டும் உரிமை தமக்கில்லை என்று அவர் ஒதுங்கி நிற்பதாகவே நான் கருதுகிறேன்.

ஆகவே தோழர்களே, உருவம் இருக்கிறதா இல்லையா என்பதோடு நம் விசாரணையை நிறுத்திவிடக் கூடாது. இந்த ஓவியன் எந்த உண்மையை எதிர்கொண்டான், முன்னோரிடமிருந்து எதை எடுத்தான், எதை ஏன் விட்டான்? இதையெல்லாம் கேட்போம். பதில் இல்லாத இடத்தில் தாட்சண்யமின்றிக் கண்டிப்போம்.