பழைய சிஸ்டத்தைத் தூக்கிப் போடணுமா?

சமீபமா உங்கள்ல பல பேர்கிட்ட இருந்து வர்ற ஒரே கேள்வி: "விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சாம். என் சிஸ்டத்துல 11 ஏறாதுன்னு காட்டுது. இனி புதுசுதான் வாங்கணுமா?" இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம்.

முதல்ல, முடிஞ்சதுன்னா என்ன? 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. சிஸ்டம் எப்பவும் போல ஆன் ஆகும். ஆனா புதுசா ஒரு ஓட்டை தெரிஞ்சா அதை அடைக்க யாரும் வரமாட்டாங்க. 2017 மே மாசம் வானாக்ரை பரவினப்போ மாட்டினது அப்டேட் போடாத மெஷின்கள்தான்.

11 ஏன் ஏறலை? அதுக்கு டிபிஎம் 2.0-ன்னு ஒரு பாதுகாப்பு வசதி, குறைஞ்சது 4 ஜிபி ரேம், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாம் தலைமுறை ப்ராசஸர் வேணும். அந்தத் தலைமுறை வந்ததே 2017-லதான். ஆனா தமிழ்நாடு அரசு விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கினது 2011-ல. ப்ளஸ் டூ-ல எங்க செட்டு வாங்கின லேப்டாப் இந்த வாசலைத் தாண்டாது. விழுப்புரம் பக்கம் பல வீடுகள்ல இன்னும் அது ஒண்ணுதான் கம்ப்யூட்டர். அக்கா காலேஜ் முடிச்சாங்க, இப்போ தம்பி அதுலயே டிஎன்பிஎஸ்சி-க்குப் படிக்கிறான்.

இந்தச் சோதனையைத் தாண்டி 11-ஐ ஏத்தித் தர்ற ஆட்கள் இருக்காங்க. அப்படிப் போட்டா அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரலை. எதுக்காக மாத்துறோமோ அதுவே கிடைக்காமப் போகலாம்.

என் பதில் இதுதான்: மெஷினோட வயசைப் பார்க்காதீங்க, அதுல நடக்குற வேலையைப் பாருங்க.

திண்டிவனத்துல டிடிபி கடை வச்சிருக்கிற ஒரு அண்ணன் கேட்டிருந்தார். அவருக்குப் பேஜ்மேக்கர், கோரல்டிரா இல்லாம பொழப்பு ஓடாது. அவருக்கு லினக்ஸ் போடுங்கன்னு நான் சொல்லமாட்டேன். விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அப்டேட் திட்டம் இருக்கு. அதுல சேர்ந்துட்டு, நெட் பேங்கிங்கை அந்த மெஷின்ல வச்சுக்காம, அதுக்குள்ள புதுசுக்குப் பணம் சேர்க்கிறதுதான் சரி.

படிக்கிற தம்பிக்கு வேண்டியது பிரவுசர், பிடிஎஃப், கொஞ்சம் டைப்பிங். அவனுக்கு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போதும். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. 2 ஜிபி ரேம்லயும் ஓடும், ஆனா நிறைய டேப் திறந்தா திணறும். முடிஞ்சா 4 ஜிபி ஆக்குங்க, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போடுங்க. வேகத்துல பெரிய வித்தியாசம் அதுலதான் தெரியும்.

செய்யும்போது வரிசை முக்கியம். முதல்ல போட்டோ, சர்டிஃபிகேட், நோட்ஸ் எல்லாத்தையும் வெளியில ஒரு டிஸ்க்ல காப்பி பண்ணி, வேற மெஷின்ல திறந்து பாருங்க. பழைய பாமினி, வானவில் ஃபைல்கள் இருந்தா அந்த எழுத்துருக்களையும் எடுத்துக்கோங்க. அவை யூனிகோட் இல்லை. எழுத்துரு இல்லாம திறந்தா தமிழுக்குப் பதிலா சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துதான் தெரியும். அடுத்து, மின்ட்டை பென் டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பாருங்க. இன்ஸ்டால் கொடுக்காத வரைக்கும் டிஸ்க்ல எதுவும் மாறாது. வைஃபை, சவுண்ட், பிரிண்டர் மூணும் வேலை செய்யுதான்னு பார்த்த பிறகுதான் இன்ஸ்டால். அதுல "டிஸ்க்கை அழி"ன்னு வர்ற இடத்துல நின்னு, நிதானமா படிங்க.

இது நமக்குப் புதுசும் இல்லை. 2014-ல எக்ஸ்பி-க்கு அப்டேட் நின்னப்போ, தமிழ்நாடு அரசு தன் துறைகளுக்கு பாஸ் லினக்ஸைப் பரிந்துரைச்சது. டெபியனை அடிப்படையா வச்சு சி-டாக் உருவாக்கினது அது. விழுப்புரத்துலயே குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கு. தனியா செய்யப் பயமா இருந்தா அவங்ககிட்ட கேளுங்க.

புதுசு வாங்க 30,000 ரூபாய் கடன் வாங்குறதுக்கு முன்னாடி, ஒரு பென் டிரைவும் ஒரு ஞாயித்துக்கிழமையும் செலவு பண்ணிப் பாருங்க. உங்க மெஷின் மாடலையும் ரேம் அளவையும் எழுதி அனுப்பினா, அடுத்த எபிசோடுல பதில் சொல்றேன்.