கூத்துக்காரர் கூலியும் ஜாஸ்காரர் கூலியும்

(தருமபுரி மாவட்டத்தில் விவசாயத் தொழிலாளர்களும் கூத்துக் கலைஞர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



ஊர் ஊராகப் போய்ப் பாடியும் ஆடியும் வாத்தியம் வாசித்தும் வயிறு கழுவுகிற உழைப்பாளிகளைப் பற்றி இன்று பேசப்போகிறோம். "பாட்டுக்காரன் எப்படி உழைப்பாளி ஆவான்? அவன் சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருக்கிறான், அதற்குக் கூலி வேறேயா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிற தோழருக்குச் சங்கு ஊதினால் வேலை முடிந்தது. கூத்தில் ராத்திரி எட்டு மணிக்கு அரிதாரம் பூச உட்காருகிறவர், மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் முகத்தைக் கழுவுகிறார். இடையில் அவர் உட்காருவதற்குக் கூடச் சட்டம் கிடையாது. உழைப்பு இல்லையென்றால் வேறு எதற்கு உழைப்பு என்று பெயர்?

நம்முடைய தருமபுரிச் சீமை கேழ்வரகும் சாமையும் விளைகிற மேட்டுக்காடு. மழை பெய்தால் வேலை. இல்லையென்றால் பெங்களூருக்கு ரயில். இந்த மண்ணில்தான் திரௌபதி அம்மன் கோயில் தோறும் பாரதம் நடக்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசியில் படுகளம், பிறகு தீமிதி. யாராவது மாண்டுபோனால் காரியத்துக்குக் கர்ண மோட்சம் வைக்கிறார்கள். இந்தக் கூத்தை ஆடுகிறவர் யார்? பகலில் களை வெட்டுகிறவர், செங்கல் சூளையில் வேகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர். மாசி பங்குனியில் ஆரம்பித்து ஆடி வரையில் அவர் ராஜா. ஐப்பசி, கார்த்திகை மழையில் அவரே கூலியாள். ஆறு மாதம் கிரீடம், ஆறு மாதம் மண்வெட்டி.

இந்தப் பிழைப்பில் சந்தோஷம் இல்லையா? இருக்கிறது. அதை மறைத்துப் பேசினால் பாதி உண்மைதான் பேசியதாகும். மிருதங்கக்காரர் ஆடுகிறவருடைய காலைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறார். கால் ஒரு புது அடவைப் போட்டால் கை உடனே பதில் சொல்கிறது. முகவீணைக்காரர் பாடகர் விட்ட இடத்தில் எடுத்து இழுக்கிறார். கட்டியங்காரன் அன்றைக்குக் காலையில் ஊரில் நடந்த சங்கதியைக் கொண்டுவந்து துரியோதனன் சபையிலே போடுகிறான், கூட்டம் கொல்லென்று சிரிக்கிறது. எந்த ஏட்டிலும் எழுதாத சங்கதி, அந்த நிமிஷத்தில் பிறந்தது. அபிமன்யு சாகிறபோது, கதை முழுக்கத் தெரிந்த கிழவி, நூறு தடவை பார்த்த கிழவி, மறுபடியும் அழுகிறாள். விடியற்காலையில் உடம்பெல்லாம் வலிக்கிறபோதும் அந்தக் கிழவியின் கண்ணீர்தான் அடுத்த ஊருக்கு நடக்க வைக்கிறது என்று வயதான வாத்தியார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இந்தச் சந்தோஷமும் இந்தத் தொல்லையும் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவிலே ஜாஸ் என்று ஒரு சங்கீதம் உண்டு. பெரிய ஓட்டலில் கோட்டுப் போட்ட பணக்காரர்கள் கேட்கிற சங்கீதம் என்று நம்மில் பலர் நினைத்திருப்போம். அது பிறந்த கதை வேறு. நியூ ஆர்லியன்ஸ் என்ற துறைமுகப் பட்டணத்தில், அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட கறுப்பு மக்களின் பேரப்பிள்ளைகள் உண்டாக்கிய சங்கீதம் அது. அதன் பெரும் பெயர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங். 1901-இல் அந்தப் பட்டணத்துச் சேரியில் பிறந்து, சிறு வயதில் கரி வண்டியில் வேலை செய்து, பிறகு ஊதுகுழல் எடுத்தவர். அந்தச் சங்கீதத்திலும் எழுதி வைத்ததை அப்படியே வாசிப்பது பெருமை இல்லை. ஒருவர் ஒரு பிடி பிடிக்க, மற்றவர் அதற்குப் பதில் பிடிக்க, அந்த நிமிஷத்திலேயே பாட்டு பிறக்க வேண்டும். நம் நாதஸ்வரக்காரர் மனோதர்மம் என்று சொல்வதும், நம் கட்டியங்காரன் செய்வதும் இதற்கு வெகு தூரம் இல்லை.

அவர்களுடைய பிழைப்பும் ஊர் சுற்றுகிற பிழைப்புத்தான். இன்று ஒரு ஊர், நாளை முந்நூறு மைலுக்கு அப்பால் இன்னொரு ஊர். ஆயிரம் பேர் எழுந்து நின்று கை தட்டிய அதே ஊரில், ஆட்டம் முடிந்ததும் கறுப்பர் என்பதற்காக ஒரு தட்டுச் சோறு கிடைக்காது, படுக்க அறை கிடைக்காது. எந்த ஊரில் எந்த வீட்டில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்வதற்கென்றே 1936-இல் 'பச்சைப் புத்தகம்' என்று ஒரு வழிகாட்டி அச்சாயிற்று. முப்பது வருஷத்துக்கு வெளிவந்தது என்றால் தேவை எவ்வளவு இருந்தது என்று பாருங்கள். ட்யூக் எலிங்டன் உலகம் அறிந்த வாத்திய கோஷ்டித் தலைவர். 1930-களில் தென் மாநிலங்களுக்குப் போகும்போது தனி ரயில் பெட்டிகளை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, அதிலேயே தின்று அதிலேயே தூங்கினார். காசு இருந்தும் ஓட்டலில் இடம் இல்லை.

இதைக் கேட்டு நாம் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. பறை அடிக்கிற கலைஞனை முன்னால் நடக்கவிட்டு, சாப்பாட்டுக்குப் பின்னால் நிறுத்துகிற ஊர் நமக்குத் தெரியாதா? தனி டம்ளர் நமக்குத் தெரியாதா? 2012 நவம்பர் 7-ஆம் தேதி இதே மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகள் தீக்கிரையானதை நாம் மறந்துவிடவில்லை. அர்ச்சுனனாக வேஷம் கட்டியிருக்கும் வரை காலில் விழுகிறார்கள், வேஷம் கலைந்ததும் ஜாதி கேட்கிறார்கள். நியூ ஆர்லியன்ஸுக்கும் நமக்கும் நடுவில் கடல் இருக்கிறது, ஆனால் இந்தப் பழக்கத்தில் இடைவெளி குறைவு.

அடுத்தது ரோடு. கிளிஃபோர்ட் பிரவுன் என்று ஊதுகுழல் வாசிப்பதில் மன்னர் ஒருவர். 1956 ஜூன் மாதத்தில், ஒரு கச்சேரிக்காக ராத்திரியில் மழையில் காரில் போகும்போது விபத்தில் இறந்தார். வயது 25. கூட வந்த பியானோக்காரரும் அவருடைய மனைவியும் அதே இடத்தில் மாண்டார்கள். டெடி வெதர்ஃபோர்ட் என்ற பியானோக்காரர் ஷாங்காய், பம்பாய் என்று சுற்றிக் கல்கத்தாவுக்கு வந்து, 1945-இல் காலராவில் அங்கேயே மண்ணாய்ப் போனார். நம் கூத்துக்காரரும் ஆட்டம் முடிந்த அலுப்போடு, பெட்டியும் படுக்கையும் மிருதங்கமும் ஏற்றிய வண்டியில், தூங்காத டிரைவரை நம்பி மலைப்பாதையில் இறங்குகிறார். வேஷப் பெட்டிக்கு இருக்கிற பத்திரம் வேஷக்காரருக்கு இல்லை.

கூலிக்கு வருவோம். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ராத்திரிக்கு 20,000 ரூபாய் பேசி, வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்ததாக வைத்துக்கொள்வோம். வண்டி வாடகை 4,000. அரிதாரம், உடுப்பு, வாத்தியச் செலவு 2,000. பேசி முடித்துக் கொடுத்த தரகருக்கு 2,000. மீதி 12,000. செட்டிலே 15 பேர். ஆளுக்கு 800. வருஷத்துக்கு 60 ராத்திரி கிடைத்தால் 48,000. மாதத்துக்கு வகுத்தால் 4,000. இதில் பேசிய பணத்தைக் கோயில்காரர் குறைக்காமல் கொடுக்க வேண்டும். மழை வந்து ஆட்டம் பாதியில் நின்றால் முழுப் பணமும் வர வேண்டும். எத்தனை ஊரில் இது நடக்கிறது என்று இங்கே உட்கார்ந்திருக்கும் கலைஞர்களே சொல்லட்டும். 800 ரூபாய் ஒரு நாள் கூலி அல்ல தோழர்களே. போக ஒரு பகல், ஆட ஒரு ராத்திரி, தூங்கி எழ இன்னொரு பகல். மூன்றையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அது பங்குனி மாதம். சீசன் தொடங்குகிற மாதம். பேசி வைத்த ஆட்டமெல்லாம் போயிற்று. 2021-இல் மே மாதம் மறுபடியும் அடைத்தார்கள். தறி நின்றால் நெசவாளிக்கு என்ன கதியோ, அதே கதி மிருதங்கம் நின்றவருக்கு. கிரீடத்தை அடகு வைக்க முடியாது. கல்யாண முருங்கைக் கட்டைக்கு எந்தச் சேட்டும் காசு கொடுக்க மாட்டான்.

போலீஸ் ஸ்டேஷன் அனுமதி இன்னொரு தொல்லை. நாடகத்தை அடக்க வெள்ளைக்காரன் 1876-இல் சட்டம் போட்டான். அவன் போன பிறகும் 1954-இல் நம் மாகாணத்தில் அதே மாதிரி ஒரு சட்டம் வந்தது. 2013-இல்தான் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. சட்டம் போனாலும் பழக்கம் போகவில்லை. ஒலி மாசு பற்றிய 2000-ஆம் வருஷத்து விதிப்படி ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. வருஷத்தில் 15 நாளுக்கு மேற்படாமல் 12 மணி வரை அரசு சலுகை கொடுக்கலாம். நோயாளிக்கும் படிக்கிற பிள்ளைக்கும் தூக்கம் வேண்டும், அதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கூத்து ஆரம்பிப்பதே பத்து மணிக்கு மேல்தான். விடிய விடிய நடக்கிற கலைக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை ஊர்க்கோடியில் நடப்பதற்கு, ஒரு ஒழுங்கான வழி செய்து தராமல், ஆட்டத்தின் நடுவில் வந்து மைக்கைப் பிடுங்கினால் துகிலுரியப்படுவது திரௌபதி அல்ல, கூத்துக்காரனின் கூலிதான். நியூயார்க்கிலும் இதே கதை. அங்கே மதுக்கடைகளில் வாசிப்பதற்குப் போலீஸ் கொடுக்கிற கார்டு வேண்டும். தெலோனியஸ் மங்க் என்ற மேதைக்கு 1951-இல் கார்டைப் பறித்தார்கள், ஆறு வருஷம் அந்தக் கடைகளில் அவரால் வாசிக்க முடியவில்லை. 1967-இல்தான் அந்த முறை ஒழிந்தது.

இதற்கெல்லாம் அங்கே என்ன செய்தார்கள்? சங்கம் வைத்தார்கள். இசைத்தட்டும் ரேடியோவும் வந்து, ஒரு தடவை வாசித்ததை ஆயிரம் தடவை ஓட்டி, நேரில் வாசிப்பவன் பிழைப்பைக் கெடுத்தன. 1942 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்க வாத்தியக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. கம்பெனிகளுக்கு இனி இசைத்தட்டு வாசிப்பதில்லை என்றது. ஒரு கம்பெனி அடுத்த வருஷம் இறங்கி வந்தது. மிகப் பெரிய இரண்டு கம்பெனிகள் 1944 நவம்பர் வரையில் பிடிவாதம் பிடித்துப் பிறகு பணிந்தன. விற்கிற ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் இவ்வளவு என்று சங்கத்தின் நிதிக்குப் பணம் வந்தது. அந்த நிதியில் வேலையில்லாத வாத்தியக்காரர்களுக்குக் கூலி கொடுத்து ஜனங்களுக்கு இலவசக் கச்சேரி நடத்தினார்கள்.

அந்தச் சங்கத்துக்குள்ளும் ஒரு சீக்கு இருந்தது. பல ஊர்களில் வெள்ளையருக்கு ஒரு கிளை, கறுப்பருக்கு ஒரு கிளை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலைஞர்கள் பாடுபட்டு 1953-இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். ஜாதிக்கொரு சங்கம் வைத்தால் கோயில் தர்மகர்த்தாவுக்குத்தான் லாபம் என்பதை நாமும் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்றைக்கு நம் ஊரில் கூத்தைச் செல்போனில் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுகிறார்கள். பார்க்கிறவர் ஆயிரக்கணக்கில், காசு பார்க்கிறவர் வேறொருவர். ஆடினவருக்கு என்ன வந்தது? படம் பிடிக்கிறவரிடம் முன்கூட்டியே பேசி, பங்கு கேட்பது பிச்சை அல்ல, கூலி.

நாம் கேட்டுக்கொள்வது பெரிய காரியமில்லை. கூத்துக்காரத் தோழர்களே! தாம்பூலம் வாங்கும்போது தொகை, பாக்கி கொடுக்கும் நேரம், மழை வந்தால் என்ன என்பதை ஒரு காகிதத்தில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடுங்கள். வரவு செலவைப் பதினைந்து பேர் முன்னிலையிலும் படியுங்கள், பின்பாட்டுக்காரருக்கும் கணக்குத் தெரியட்டும். அனுமதி மனுவை வெகு முன்னதாகவே கொடுத்து ரசீது வாங்குங்கள். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் பதியாதவர் ஒருவர் கூட இருக்கக் கூடாது. அட்டையை வாங்கிப் பெட்டியில் வைக்காமல், உரியதைக் கேட்டு வாங்குங்கள்.

விவசாயத் தொழிலாளிகளே, மில் தோழர்களே! உங்களுக்கும் வேலை இருக்கிறது. திருவிழாக் கமிட்டியில் நீங்களும் வரி கொடுக்கிறீர்கள். செட்டுக்குப் பேசிய பணத்தை விடியுமுன் எண்ணிக் கொடுக்கச் சொல்லுங்கள். எந்த ஜாதிக் கலைஞரானாலும் ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சோறு போடச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்ததும் வண்டியை விரட்டாமல், டிரைவரும் கலைஞரும் நாலு மணி நேரம் படுக்கப் பள்ளிக்கூடத் திண்ணையாவது திறந்துவிடச் சொல்லுங்கள். மாட்டேன் என்கிற கமிட்டியில் எழுந்து நின்று கேளுங்கள்.

வருகிற மாசியில் சீசன் தொடங்குகிறது. அதற்கு முன்னால் ஒவ்வொரு ஒன்றியத்திலும் எத்தனை செட்டு, எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பெயர் எழுதும் வேலையை இந்த வாரமே ஆரம்பிப்போம்.