பெண் மக்களின் வலியும் நமது கடமையும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுவதே முறை. நாம் எடுத்துக்கொண்ட பொருளோ பெண்களின் மாதவிடாய் வலி. ஆண்மகன் இதைப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். 1928ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டமன்றத்தில், ஆலைகளில் உழைத்த பெண்களுக்கான மகப்பேற்று உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். அண்ணல் கூசாததை நாம் கூசலாகாது. மேலும், இது கல்வியைப் பற்றிய பேச்சே என்பதை இப்போது காண்பீர்கள்.

பல்லாண்டுகளுக்கு முன், நமது வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவியின் பெயருக்கு நேரே மாதந்தோறும் மூன்று நான்கு நாட்கள் வராமை குறிக்கப்பட்டிருந்தது. காரணம் கேட்டோம், தலை குனிந்து நின்றாள். படிப்பில் அக்கறை இல்லை என்று கடிந்துகொண்டோம். பத்தாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. காற்று கருப்பு என்று வீட்டார் வேப்பிலை அடித்தனர். திருமணமானால் சரியாகும் என்று மணமும் முடித்தனர். வலி தீரவில்லை. பிள்ளையும் பிறக்கவில்லை, மலடி என்ற பழியும் சேர்ந்தது. நெடுங்காலம் கழித்தே ஒரு மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார். அந்நோய் நமது பதிவேட்டிலேயே எழுதப்பட்டிருந்தது. நமக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

அந்நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்புறத்தில் மாதந்தோறும் வளர்ந்து உதிர்கின்ற மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் குடலிலும் அடிவயிற்றிலும் வளர்வதே இந்நோய். அங்கும் அது மாதந்தோறும் கசிகிறது, வெளியேற வழியில்லை. ஆகவே புண்ணும் தழும்பும் உண்டாகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அத்திசு கருப்பையின் தசைச் சுவருக்குள்ளேயே வளர்ந்தால் அடினோமயோசிஸ் எனப்படும். அதில் கருப்பை பருத்து, உதிரப்போக்கு மிகுந்து, இரத்தசோகை உண்டாகும்.

குழந்தை பெறும் வயதுப் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு, அதாவது உலகில் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இது தொற்றுநோயன்று, புற்றுநோயன்று, ஒழுக்கக்கேட்டால் வருவதுமன்று. பள்ளிக்கோ நடவுக்கோ போகவிடாமல் படுக்கவைக்கும் வலி, மலம் சிறுநீர் கழிக்கையில் வலி, தாம்பத்திய உறவில் வலி, பிள்ளைப்பேறு தள்ளிப்போதல் ஆகியவை அறிகுறிகள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதாலேயே நோயில்லை என்று முடிவுகட்டலாகாது.

எண்டோமெட்ரியோசிஸை வேரோடு களையும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் இரு நோய்களையும் கட்டுக்குள் வைக்க வழியுண்டு. வலி நீக்கும் மாத்திரைகள், ஹார்மோன் மாத்திரைகள், கருப்பையினுள் பொருத்தும் ஹார்மோன் சாதனம், தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பி அறுவை ஆகியவற்றுள் ஏற்றதை மருத்துவர் தெரிவு செய்வார். கருப்பையை அகற்றுவது இறுதி வழி. அதனால் அடினோமயோசிஸ் தீரும். எண்டோமெட்ரியோசிஸோ வேறிடங்களில் எஞ்சி நிற்கக்கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மராட்டிய மாநிலத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் சுமார் 82,000 பேரை 2019இல் அரசுக் குழு ஆய்ந்தபோது, 13,000க்கும் மேற்பட்டோர் கருப்பையை இழந்திருந்தனர். அவர்களும் நம்மைப்போல் நிலமற்ற உழைப்பாளிகளே. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை ஏற்கும்படி 2023இல் உச்சநீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. ஆகவே, கருப்பையை எடுத்துவிடலாம் என்று எவரேனும் சொன்னால், “நோயின் பெயர் என்ன? வேறு வழி உண்டா? சினைப்பையையும் எடுப்பீர்களா?” என்று கேளுங்கள். மற்றொரு மருத்துவரிடமும் காட்டுங்கள்.

உத்திரமேரூர் அரசு மருத்துவமனையில் தொடங்குங்கள். வேண்டுமெனில் காஞ்சிபுரம், செங்கல்பட்டு அரசு மருத்துவமனைகளும், 1844இல் தோன்றிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையும் உள்ளன. எந்தெந்த நாளில் எவ்வளவு வலி, எவ்வளவு உதிரம் என்று ஒரு நோட்டில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். எழுதத் தெரிந்த இளைஞர்களே, உங்கள் தாய்க்கும் தங்கைக்கும் அதை எழுதிக் கொடுங்கள்.

தாய்மார்களே, “நாங்கள் தாங்கவில்லையா?” என்று மகளிடம் சொல்லாதீர்கள். நீங்கள் தாங்கினீர்கள், கேட்பாரில்லாததால் தாங்கினீர்கள். பேருந்துக் கட்டணம் இல்லையென எந்தப் பெண்ணின் சிகிச்சையும் தள்ளிப்போகாதபடி ஒரு சிறு நிதியை நமது கழகம் ஒதுக்க வேண்டும் என்பது நமது வேண்டுகோள். ஆசிரியர்களுக்கும் ஒரு சொல்: பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். மாதந்தோறும் விடுபடும் பெயர் ஏதேனும் இருப்பின், கடியாதீர்கள். ஆசிரியை ஒருவரைக் கொண்டு பரிவோடு கேட்கச் செய்யுங்கள். நாம் அன்று செய்யத் தவறியது அதுவே.

ஜெய்பீம்!